ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் பழைய பாட்டு சிடியைப் போட்டோம், உள்ளே ஏதாவது ஒளிந்துகொண்டிருக்குமா?

பாலக்கோடு ஸ்டுடியோ பையன்

அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பாலக்கோட்டில் அப்பாவுக்குச் சின்ன போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், லேமினேஷன், இப்போது பெரும்பாலும் லேமினேஷன்தான். கடையில் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருக்கிறது. ஏன் இன்னும் எக்ஸ்பி என்று யாரும் திட்ட வேண்டாம். போட்டோ பிரிண்டரின் டிரைவர் அதற்கு மேல் எதிலும் ஏறவில்லை, பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை தூக்கிக்கொண்டு போய்க் கேட்டாயிற்று, "புதுசு வாங்கிக்கோங்க" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. நெட் இணைப்பு கிடையாது. ஆனால் 2004-லிருந்து எடுத்த கல்யாண போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இன்றைக்கும் யாராவது வந்து "எங்க கல்யாணத்துல பாட்டி நின்ன போட்டோ இருக்குமா" என்று கேட்டால் அப்பா அரை மணி நேரம் தேடி எடுத்துக் கொடுப்பார், சில சமயம் காசும் வாங்க மாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது சித்தப்பாவின் அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. அவர் 2006-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த இங்கிலீஷ் பாட்டு சிடிகள், முப்பதுக்குக் குறையாது, எல்லாம் ஒரிஜினல். அப்பா ஆசையாக ஒன்றை எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார். பாட்டு வருவதற்கு முன்னால் இங்கிலீஷில் பக்கம் பக்கமாக ஏதோ ஒப்பந்தம் மாதிரி ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, அவர் எதையோ அமுக்கியிருக்கிறார். ஆமாவா இல்லையா என்று கேட்டால் "பாட்டு வந்துச்சுப்பா" என்கிறார்.

சித்தப்பாவிடம் போனில் சொன்னபோது, அந்தக் காலத்துச் சில சிடிகள் கம்ப்யூட்டருக்குள் ரகசியமாக எதையோ இறக்கிவிடும், அமெரிக்காவில் பெரிய கேஸே நடந்தது என்றார். பாட்டு சிடிக்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம்? நிஜமா, இல்லை வழக்கமான வாட்ஸ்அப் கதையா? நிஜம் என்றால் கம்ப்யூட்டரில் எப்படிப் பார்ப்பது? போட்டோக்கள் போய்விட்டால் அப்பா சாப்பிட மாட்டார்.

கே.ஆர்.பி. டேம் காத்து

ப்ரோ, இருபது வருஷப் பழைய சிடி. ஒளிந்திருந்தாலும் அதற்குள் செத்திருக்கும். நெட்டே இல்லாத கம்ப்யூட்டரில் எவன் வந்து என்ன எடுக்கப்போகிறான்? போட்டோவை ஒரு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். சிடி எல்லாம் காக்கா ஓட்டத் தோட்டத்தில் கட்டுவதற்குத்தான் ஆகும், எங்கள் மாந்தோப்பில் அப்படித்தான் தொங்குகிறது.

பழைய கஃபேக்காரன், கிருஷ்ணகிரி

தம்பி, வாட்ஸ்அப் கதை இல்லை, உன் சித்தப்பா சொன்னது உண்மை. நான் 2005-ல் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஆறு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்தினவன். அந்தக் கதை வந்தபோது ராத்திரி கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படித்தேன், இன்னும் மறக்கவில்லை.

2005 அக்டோபர் 31. மார்க் ருசினோவிச் என்று ஒருவர், விண்டோஸின் உள்குடல் வரை தெரிந்தவர், இப்போது மைக்ரோசாஃப்டில் பெரிய பதவியில் இருக்கிறார். மறைந்திருக்கும் புரோகிராம்களைக் கண்டுபிடிக்க அவரே எழுதிய ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்கையில் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒன்று மாட்டியது. ஊரான் வீட்டில் பாம்பு பிடிக்கப் போகிறவன் வீட்டுக் கூரையிலேயே பாம்பு. எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போனால் அவர் காசு கொடுத்து வாங்கிய ஒரு பாட்டு சிடி! சோனி பிஎம்ஜி என்ற பெரிய இசைக் கம்பெனி வெளியிட்டது. உள்ளே இருந்த மென்பொருளின் பெயர் எக்ஸ்சிபி, எழுதிக் கொடுத்தது ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் என்ற இங்கிலாந்துக் கம்பெனி. பாட்டை மூன்று தடவைக்கு மேல் வேறு சிடியில் எழுதக் கூடாது, அதற்குத்தான் இவ்வளவும்.

பாட்டு சிடிக்கும் புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாயே, நல்ல கேள்வி. அந்த சிடியில் இரண்டு பகுதி இருக்கும். முதல் பகுதி வழக்கமான பாட்டு, வீட்டு சிடி பிளேயர் அதை மட்டும் படித்துவிட்டுப் போய்விடும், அதற்கு ஒரு தொந்தரவும் கிடையாது. இரண்டாவது பகுதி கம்ப்யூட்டருக்கான டேட்டா. சிடியை உள்ளே தள்ளியவுடன் எக்ஸ்பி கேட்காமல் கொள்ளாமல் அதை ஓட்ட ஆரம்பித்துவிடும், ஆட்டோரன் என்பார்கள். அப்பா பார்த்த ஒப்பந்த ஜன்னல் அந்த மாதிரிதான். அதில் ஒரு புரோகிராம் ஏறும் என்று இருக்குமே தவிர, ஏறினது உன் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் என்று ஒரு வரிகூட இருக்காது.

ஒளிந்துகொள்ளும் விதம்தான் முக்கியம். விஏஓ ஆபீஸில் போய் அடங்கல் கேட்கிறாய் என்று வை. நடுவில் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு குறிப்பிட்ட சில சர்வே நம்பர்களை மட்டும் தாண்டி மற்றதை வாசிக்கிறான். நிலம் அங்கேயேதான் கிடக்கும், ஆனால் உனக்குப் படித்துக் காட்டும் கணக்கில் இருக்காது. இதுவும் அதே வேலைதான். விண்டோஸின் கருப்பகுதியில், அதாவது எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற மையத்தில், போய் உட்கார்ந்துகொண்டு, கோப்புப் பட்டியல் கேட்டால் ஒரு குறிப்பிட்ட பெயரில் தொடங்குவதை எல்லாம் விட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும். டாலர் குறி, எஸ், ஒய், எஸ், மறுபடி டாலர் குறி, இதுதான் அந்தப் பெயர். இப்படி ஒளிகிற சாமானுக்கு ரூட்கிட் என்று பெயர். டாஸ்க் மேனேஜரிலும் தெரியாது. அதன் சர்வீஸ் ஒன்றுக்கு வைத்திருந்த பெயரைக் கேள், "பிளக் அண்ட் ப்ளே டிவைஸ் மேனேஜர்". விண்டோஸுடைய சொந்தச் சாமான் என்று நினைத்து நாமே கும்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி.

இப்போது யோசி. அந்தப் பெயரில் தொடங்குவது எதுவாக இருந்தாலும் ஒளித்துவிடும், சோனியுடையதா வேறு யாருடையதா என்று பார்க்காது. பத்தே நாளில், நவம்பர் 10 வாக்கில், வைரஸ் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புக்கும் அதே முன்பெயரைச் சூட்டி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஆன்ட்டிவைரஸ் தேடினால் ஒன்றும் இருக்காது! அதற்கும் முன்னால் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாடுகிற பசங்கள், கேம் கம்பெனியின் கண்காணிப்பில் சிக்காமல் திருட்டாட்டம் ஆட இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அது தனிக் கூத்து.

இன்னொரு வில்லங்கம், அதைக் கண்டுபிடித்துக் கையால் அழித்தால் சிடி டிரைவே காணாமல் போய்விடும். டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் அது தன்னைக் கோத்துவைத்திருக்கும், பிடுங்கினால் சங்கிலி அறுந்துவிடும். அதனால் அவசரப்பட்டு எதையும் அழித்துவிடாதே.

உன் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். டெஸ்க்டாப்பில் நோட்பேட் கோப்பு ஒன்றைப் போடு. அதன் பெயரை மாற்று: முதலில் டாலர், அப்புறம் இங்கிலீஷில் எஸ் ஒய் எஸ், மறுபடி டாலர், அதற்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் எழுது. என்டர் தட்டு. கோப்பு கண்ணெதிரே மறைந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். மறையவில்லை என்றால் எக்ஸ்சிபி இல்லை. சிடியின் உறையையும் பார், எக்ஸ்சிபி சிடி என்றால் பின்னட்டையில் பொடி எழுத்தில் ஓர் இணைய முகவரி இருக்கும், அதில் சோனி பிஎம்ஜி என்றும் கடைசியில் எக்ஸ்சிபி என்றும் வரும்.

பார்த்துவிட்டு வந்து சொல்.

அரூர் ஆடியோ

கஃபேக்கார அண்ணன் தொழில்நுட்பம் சொல்லிவிட்டார், என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் சொல்கிறேன். அரூரில் கேசட் கடை, பிறகு சிடி கடை, பிறகு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற கடை, இப்போது மொபைல் கவர் கடை. ஒரிஜினல் சிடி வாங்கி அடுக்கிவைத்து உட்கார்ந்திருப்பேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 சிடி முப்பது ரூபாய்க்குக் கூவிக் கூவி விற்பார்கள். என் கடைக்கு வருகிறவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு "பாட்டு பத்துதான் இருக்கா" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்த பஸ் ஸ்டாண்டு சிடியில் இந்த மாதிரி பூட்டு ஒன்றும் கிடையாது பாருங்கள்! அமெரிக்காவிலும் அதே கதைதான், திருட்டுக் காப்பி இறக்கினவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கினவன் கம்ப்யூட்டர்தான் நாசமானது. சோனி பிஎம்ஜியின் டிஜிட்டல் பிரிவுத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸே வானொலிப் பேட்டியில் சொன்னது நினைவிருக்கிறதா? பெரும்பாலானவர்களுக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, அப்புறம் அவர்கள் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்றார். வாங்குகிறவனை இதைவிடக் கேவலமாக யாரும் பேச முடியாது. நம் ஊரில் ஒரு கடைக்காரன் அப்படிச் சொன்னால் மறுநாள் ஷட்டரைத் தூக்க முடியுமா?

அதற்கு முன்னால் 2002-லேயே வேறொரு வகைப் பூட்டு போட்டுப் பார்த்தார்கள். சிடியின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் பூட்டு போச்சு. கோடிக்கணக்கில் செலவு செய்து செய்த பூட்டுக்குப் பத்து ரூபாய்ப் பேனா சாவி.

ஓசூர் நைட் ஷிஃப்ட்

கஃபே அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம், ஒரு சேர்க்கை. நான் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பதிவுகளைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், ராத்திரி முழுக்க இதே பிழைப்பு.

அந்த டாலர் சோதனை எக்ஸ்சிபிக்கு மட்டும்தான். அது இருந்தது 52 ஆல்பங்களில், அச்சிட்டது ஏறத்தாழ 47 லட்சம் சிடி, அதில் 21 லட்சம் விற்றுப்போனது. அதே சோனி பிஎம்ஜி மீடியாமேக்ஸ் என்ற இன்னொன்றையும் வேறு சிடிகளில் வைத்திருந்தது, சன்காம் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்தது, எண்ணிக்கையில் அதுதான் பல மடங்கு அதிகம். அது எக்ஸ்சிபி மாதிரி ஒளிந்துகொள்ளாது, ஆனால் வேறு வகையில் மோசம். ஒப்பந்த ஜன்னலில் நீங்கள் "வேண்டாம்" என்று அமுக்குவதற்கு முன்பே கோப்புகளை இறக்கி வைத்துவிடும். அதனால் அப்பா ஆமாவை அமுக்கினாரா இல்லையா என்ற கேள்விக்கு அங்கே அர்த்தமே இல்லை. போதாததற்கு அதன் ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து போட்டிருந்தார்கள், சாதாரண யூசர் ஒருவர் உள்ளே தன் புரோகிராமை மாற்றி வைத்தால் அடுத்த தடவை சிடி போடும்போது அது அட்மின் அதிகாரத்தோடு ஓடும். அதை அடைக்க விட்ட பேட்ச்சிலும், அதாவது திருத்தத் துண்டிலும், ஓட்டை இருந்தது. ஆகவே தம்பி, ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய், காமன் ஃபைல்ஸுக்குள் "சன்காம் ஷேர்ட்" என்று ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த, அதாவது வயிற்றைக் கலக்குகிற பகுதி, எக்ஸ்சிபியை எடுப்பதற்கென்று சோனி பிஎம்ஜி கொடுத்த மருந்து. முதலில் வந்த பேட்ச் மறைக்கும் வேலையை மட்டும் நிறுத்தியது, புரோகிராம் அப்படியே உள்ளேயே. முழுசாக எடுக்க வேண்டும் என்றால் இணையத்தில் படிவம் நிரப்பி, மின்னஞ்சல் கொடுத்து, பதில் வரக் காத்திருந்து, ஏதோ பட்டா மாறுதலுக்கு நடக்கிற மாதிரி நடக்க வேண்டும். அப்படி நடந்து வாங்கினவர்கள் கம்ப்யூட்டரில் ஆக்டிவ்எக்ஸ் என்கிற, பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற ஒரு புரோகிராம் துண்டு இறங்கும், வேலை முடிந்தபின்னும் அங்கேயே இருக்கும். நீங்கள் திறக்கிற எந்த இணையதளமும் அதைக் கூப்பிட்டு, விருப்பப்பட்ட புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மேனும் நவம்பர் மத்தியில் இதைப் பிடித்தார்கள். நோயைவிட வைத்தியம் பெரிய ஓட்டை.

அந்த வாரமே சிடிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. நவம்பர் 21-ல் டெக்சாஸ் மாநில அரசு வழக்குப் போட்டது, வாங்கினவர்கள் சார்பிலும் கூட்டு வழக்குகள் போனது. கடைசியில் சிடியை மாற்றிக் கொடுத்ததோடு, 7.50 டாலரும் ஓர் ஆல்பம் டவுன்லோடும், அல்லது பணம் இல்லாமல் மூன்று ஆல்பம். 2007 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், எடுக்க முயன்று கம்ப்யூட்டர் கெட்டவர்களுக்கு 150 டாலர் வரை. உங்கள் சித்தப்பா கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், இப்போது கவுன்டர் மூடியாயிற்று.

டேம் காத்து சொன்ன "இருபது வருஷப் பழசு, செத்திருக்கும்" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புரோகிராமுக்கு வயதாகாது. உள்ளே இருக்கிற ஓட்டையை அடைப்பவர்கள்தான் ஓய்வு பெறுவார்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பேட்ச் நின்றுவிட்டது. இந்த வகைச் சேட்டையும் நிற்கவில்லை. 2016-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்ற கேமுக்கு, திருட்டாட்டத்தைத் தடுக்கிறேன் என்று கேப்காம் ஒரு டிரைவரை அப்டேட்டில் தள்ளியது. எந்தப் புரோகிராமும் அதன் வழியாகக் கருப்பகுதிக்குள் நுழையலாம் என்று தெரிந்ததும் உடனே திரும்ப எடுத்தார்கள். 2022-ல் கென்ஷின் இம்பாக்ட் கேமின் காவல் டிரைவரை எடுத்துவந்து, அந்த கேமே இல்லாத கம்ப்யூட்டர்களில் வைத்து ஆன்ட்டிவைரஸை நிறுத்தினார்கள், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற ரேன்சம்வேர்காரர்கள். காவலுக்கு வைத்த நாய் யார் கயிறு பிடித்தாலும் அவன் பின்னால் போகிறது.

கே.ஆர்.பி. டேம் காத்து

சரி சரி, வாபஸ். ஆனால் நெட் இல்லை என்பது இன்னும் பாதுகாப்புதானே?

ஓசூர் நைட் ஷிஃப்ட்

நெட் இல்லை, பென்டிரைவ்? ஸ்டுடியோவுக்கு வருகிற ஒவ்வொருவரும் போட்டோவை எதில் கொண்டுவருகிறார்கள்?

பாலக்கோடு ஸ்டுடியோ பையன்

வந்துவிட்டேன். நேற்று ராத்திரி கடை சாத்தியபிறகு உட்கார்ந்தோம். நோட்பேட் கோப்பைப் போட்டு, பெயரை மாற்றி, என்டர் தட்டுவதற்கு முன்னால் எனக்குக் கை வியர்த்துவிட்டது, பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் டீக்கடை மாமா. தட்டினேன். கோப்பு அப்படியே நின்றது. ரெஃப்ரெஷ் கொடுத்தேன், அப்போதும் நின்றது. "இதுக்கா மூச்சப் புடிச்சிக்கிட்டு நின்னோம்" என்று மாமா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓசூர் அண்ணன் சொன்ன ஃபோல்டரும் இல்லை. சிடி உறையைத் திருப்பிப் பார்த்தேன், அது சோனி பிஎம்ஜி போட்டதே இல்லை, வேறு ஏதோ கம்பெனி, அட்டையில் அந்த முகவரியும் கிடையாது. வெறுமனே படம் காட்டுகிற பிளேயர் ஒன்றுதான் அந்த ஜன்னலைத் திறந்திருக்கிறது. பெட்டியில் இருந்த மற்றதை ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஒன்றின் பின்னட்டையில் மட்டும் நீங்கள் சொன்ன பொடி எழுத்து முகவரி இருக்கிறது, கடைசியில் எக்ஸ்சிபி. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை! சித்தப்பா வாங்கி அப்படியே வைத்திருக்கிறார்.

ஆனால் பென்டிரைவ் பேச்சு வந்ததால் வேறு கம்ப்யூட்டரில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) பென்டிரைவ் தயார் செய்து, கடைக் கம்ப்யூட்டரை அதிலிருந்து கிளப்பி ஹார்ட் டிஸ்கைப் பார்த்தேன். எல்லா டிரைவிலும் ஆட்டோரன் கோப்பு, அதோடு ஃபோல்டர் படம் போட்ட ஆனால் ஃபோல்டர் இல்லாத புரோகிராம்கள். தேதியைப் பார்த்தால் 2011. பதினைந்து வருஷமாக எங்கள் கடைக்கு வந்த பென்டிரைவுக்கெல்லாம் நாங்கள்தான் அந்த வைரஸைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம் போலிருக்கிறது, அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. போட்டோக்களை மட்டும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டேன், மொத்தம் 312 ஜிபி.

இப்போது அந்த எக்ஸ்சிபி சிடியை என்ன செய்வது? அப்பா கேட்டே ஆக வேண்டும் என்கிறார்.

பழைய கஃபேக்காரன், கிருஷ்ணகிரி

சாதாரண சிடி பிளேயரில் போடச் சொல், ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றால் அந்த லினக்ஸிலேயே எடுத்துக்கொள், அங்கே அந்தப் புரோகிராம் ஓடவே ஓடாது. எக்ஸ்பியில் ஷிஃப்ட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிடியைத் தள்ளினாலும் ஆட்டோரன் கிளம்பாது. 2003-ல் இந்த ஷிஃப்ட் விஷயத்தை எழுதியதற்காகத்தான் அந்த ஹால்டர்மேன் மேல் சன்காம் வழக்குப் போடுவதாக மிரட்டிவிட்டு அப்புறம் பின்வாங்கியது. ஆனாலும் கடைக் கம்ப்யூட்டரில் வேண்டாம், விரல் நழுவினால் போச்சு.

ஆட்டோரனை முதலில் அணைத்துவை. அப்பாவிடம் மெதுவாகச் சொல்.

பாலக்கோடு ஸ்டுடியோ பையன்

பரணிலேயே பழைய சிடி பிளேயர் ஒன்று கிடந்தது, அதில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் அண்ணே. பென்டிரைவ் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் பழைய கஸ்டமர் நம்பர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது பாட்டு மட்டும் குதிக்கிறது. புது சிடி, கீறல் இல்லை, லேசாகப் பூஞ்சை மாதிரி ஒரு படலம் தெரிகிறது.

அரூர் ஆடியோ

மெல்லிய பருத்தித் துணியை லேசாக நனைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடை. வட்டமாகத் துடைக்காதே.